முப்பத்தேழாம் வரிசையில் ஒரு நீளமான பெயர்

காலிப் பெட்டி வைத்து ஒரு பக்கத்தை நிமிர்த்துகிறவன் தொழில் தெரிந்தவன் அல்ல. செத்தவனை முட்டுக்கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்துக் குடும்பப் படம் எடுக்கிறவன். உலகத்தின் எந்த மூலையில் எந்த இணையப் பக்கம் சரிந்தாலும் ஒரே வரியில் அதை நேராக்கிவிடலாம். முடியாது என்கிறவன் வேறு தொழிலுக்குப் போகலாம். இந்த உண்மையைப் பிரஜில் தன் இருபத்து நான்காம் வயதில், திருவனந்தபுரத்து அரசு அலுவலகம் ஒன்றின் காண்டீனில், வேலையில் சேர்ந்த முதல் நாளே, பழம்பொரியைக் கடித்துக்கொண்டு உலகுக்கு அறிவித்தான்.

உலகத்தின் சார்பில் அங்கே சூப்பரிண்டெண்ட் லளிதாம்பிகா மட்டும் இருந்தார். அவர் சாயாவை ஊதி ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"இதை எழுதித் தர முடியுமா மோனே?"

"எதுக்கு சேச்சி?"

"புதுசா சேர்றவங்க தொழிலைப் பத்தி ஒரு உறுதிமொழி தரணும். ஃபாரம் எழுபத்தொண்ணு. எல்லாரும் 'நேர்மையா உழைப்பேன்'னு எழுதிடறாங்க. வாசிச்சு வாசிச்சு எனக்கே நேர்மை அலுத்துப் போச்சு. நீ சொன்னது கேக்க நல்லாருக்கு."

பிரஜில் எழுதிக்கொடுத்தான். செத்தவன், நாற்காலி, குடும்பப் படம் எதையும் விடவில்லை. கடைசியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டான். லளிதாம்பிகா அதைக் கோப்பில் முதல் பக்கமாகக் கட்டி முத்திரை குத்தினார்.

மாநில இணையப்பக்க ஒழுங்கு இயக்ககத்தில் டைரக்டரையும் சூப்பரிண்டெண்டையும் விட்டால் மொத்தம் பதினோரு பேர். எல்லாத் துறைகளின் பக்கங்களிலும் அரசு முத்திரை சரியாக நடுவில் நிற்கிறதா என்று எட்டுப் பேர் பார்த்தார்கள். அந்த எட்டுப் பேரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பேர் பார்த்தார்கள். மீதமிருந்த ஒருவன் பக்கங்களைச் செய்தான். அவன் பிரஜில். அவன் வேலை மட்டும் மூன்று மாத ஒப்பந்தம், மற்றவை நிரந்தரம்.

எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும், எது எவ்வளவு அகலம் என்று கணினிக்குச் சொல்கிற ஸ்டைல் ஷீட் ஒன்று உண்டல்லவா? இயக்ககத்தில் அதை ஏழு பேர் கொண்ட குழு ஒன்று 2009இல் இயற்றியது. திருத்த வேண்டுமானால் அதே குழுவில் ஐந்து பேர் கையெழுத்திட வேண்டும். குழுவில் நான்கு பேர் காலமாகிவிட்டார்கள். அவர்கள் படங்கள் டைரக்டர் அறையில் மாலையோடு இருந்தன. மீதி மூன்று பேர் உயிரோடு இருந்தும் பயனில்லை.

அந்தக் காலத்தில் பெட்டிகளை எல்லாம் இடப்பக்கம் மிதக்கவிடுவது வழக்கம். மிதக்கும் பெட்டிக்குத் தரை கிடையாது. இடப்பக்கம் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் எதிலாவது முட்டி நிற்கும். உலகம் இந்தப் பழக்கத்தை விட்டுப் பல வருடங்களாகின்றன. இயக்ககம் விடவில்லை. விடுவதற்கு ஐந்து கையெழுத்து வேண்டும்.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை, கடலுக்கு வீடு பறிகொடுத்த நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பட்டியல் வந்தது. நான்கு வருடங்களாக ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுக் கிடந்தவர்கள். இப்போது அடுக்குமாடி கட்டி முடித்தாகிவிட்டது. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று பெட்டி: இடப்பக்கம் வரிசை எண்ணோடு பெயர், நடுவில் கதவு எண், வலப்பக்கம் 'சம்மதம்' என்ற பொத்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பொத்தானை அழுத்த வேண்டும்; அழுத்தினால் பட்டியலில் உள்ளவரின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் வரும்; அதைப் பக்கத்தில் போட்டால் வீடு. போடாதவர்களின் வீடு அரசுக்குத் திரும்பிவிடும். பிரஜில் பட்டியலை ஏற்றிவிட்டுச் சாயா குடிக்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசி ஓயவில்லை. "சாரே, என் பேருக்கு நேரா பொத்தானே இல்ல" என்றார் முப்பத்தெட்டாம் வரிசைக்காரர். "நான் அமுக்கினா என் போனுக்கு ஒண்ணும் வரல, மேல இருக்கிறவனுக்கு எண் வருது" என்றார் முப்பத்தொன்பது. நாற்பதுக்கும் அதே கதை. நூற்றுப் பன்னிரண்டு வரை அதே கதை.

பிரஜில் பக்கத்தைத் திறந்து பார்த்தான். முப்பத்தாறு வரிசைகள் அணிவகுப்புப் போல நின்றன. முப்பத்தேழாம் வரிசையில் இப்படி இருந்தது: 'பெர்பெத்துவா கிளமென்ட், கடலோரத் தைவிளாகம் கிழக்கே புரையிடம் வீடு'. ஒரு வரியில் அடங்காமல் பெயர் இரண்டாம் வரிக்கு மடங்கி, பெட்டி உயரமாகிவிட்டது.

"வரிசையில ஒருத்தன் குடையை நீட்டிட்டு நிக்கிறான்னு வைங்க சேச்சி," என்று லளிதாம்பிகாவுக்கு விளக்கினான். "சுவரோரமா போக வேண்டிய அடுத்தவன் அந்தக் குடையில மாட்டி அங்கேயே நின்னுடறான். முப்பத்தெட்டாவது பேர் கதவு எண்ணுக்கு அடியில நிக்குது. அவரோட கதவு எண், பொத்தான் நிக்கிற இடத்துல நிக்குது. அவரோட பொத்தான் அடுத்த வரியில தனியா விழுந்து, முப்பத்தொன்பதாவது ஆள் பேருக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கு. அப்படியே கடைசி வரைக்கும். அவனவன் தனக்கு மேல இருக்கிறவன் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிட்டிருக்கான்."

"அந்த பெர்பெத்துவாவுக்கு?"

"அவங்களுக்கு ஒரு கேடுமில்ல. அவங்க பொத்தான் அவங்க வரிசையிலதான் இருக்கு. முதல் நாளே அமுக்கிட்டாங்க."

"குடை வெச்சிருக்கிறவ நனைய மாட்டா," என்றார் லளிதாம்பிகா. "சரி, மருந்து?"

"ஒரே வரி. ஒவ்வொரு வரிசையோட முதல் பெட்டியும் இடப்பக்கத்தைக் காலி செய்துகொண்டு புதுசா ஆரம்பிக்கணும்னு ஸ்டைல் ஷீட்டுல எழுதினா போதும்."

அந்த ஒரு வரிக்கு அவன் மூன்று பக்கக் குறிப்பு எழுதினான். கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய்ப் புதன்கிழமை காலையிலேயே திரும்பி வந்தது. அவ்வளவு விரைவாக எந்தக் கோப்பும் திரும்பியதில்லை. அதில் ஆபத்து இருந்தது போலும். 'இடதைக் காலி செய் என்று ஓர் அரசு ஆவணத்தில் எழுதுவது இந்த மாநிலத்தின் சூழ்நிலையில் தவிர்க்கத்தக்கது' என்று குறிப்பு. பிரஜில் 'வலதை' என்று மாற்றினால் வேலைக்கு ஆகாது. 'இரு பக்கத்தையும்' என்று மாற்றி அனுப்பினான். மதியம் பதில் வந்தது: 'இரண்டையும் காலி செய்துவிட்டால் பிறகு யார் ஆள்வது என்பது தெளிவுபடுத்தப்படவில்லை. மேலும் ஐந்து கையெழுத்துகளைக் காணோம்.'

இதற்கிடையில் முகாமில் இருந்தவர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பட்டியலில் உள்ளபடியே ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முப்பத்தொன்பது அழுத்துவார், முப்பத்தெட்டின் போனுக்கு எண் வரும், அவர் அதைத் திரும்பிப் பார்த்து உரக்கக் கத்துவார், முப்பத்தொன்பது அதைப் போடுவார். பிறகு நாற்பது அழுத்துவார். கடலில் வலை இழுக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஒரு மணி நேரத்தில் பதினான்கு வீடுகள் கரையேறின.

பதினைந்தாவது ஏறுவதற்குள் இயக்ககத்திலிருந்து உத்தரவு போனது. ரகசிய எண்ணை அடுத்தவரிடம் சொல்வது குற்றம். உரக்கச் சொல்வது பெருங்குற்றம். பதினான்கு சம்மதங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. மைதானத்தில் வரிசையாக நிற்கத் தடை.

அன்று மாலை லளிதாம்பிகா நாற்காலியை இழுத்துப் பிரஜில் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"ஸ்டைல் ஷீட்டைத் தொடக் கூடாது, சரி. பட்டியல் உன் கையிலதானே இருக்கு? அந்தம்மா வரிசைக்குக் கீழ ஒரு காலிப் பெட்டியைக் குறுக்கே போடு. அடுத்த வரிசை தானா கீழ வந்து புதுசா ஆரம்பிக்கும். யாரு கையெழுத்தும் வேண்டாம்."

பிரஜிலுக்கு முகம் சிவந்தது. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு முன்னாடி இருந்த பையன் அதைத்தான் செய்வான். பக்கம் பூராவும் காலிப் பெட்டி. ஒரு நாயும் கண்டுபிடிக்கல."

"அதான் அவன் இப்ப இன்ஷூரன்ஸ் வித்துட்டுத் திரியறான். சேச்சி, காலிப் பெட்டி வெக்கறதுக்கு நான் வேணாம். செங்கல் அடுக்கறவன் போதும்."

"எழுபத்தஞ்சு குடும்பம் மோனே."

"எனக்கும் தெரியும். அந்த ஒரு வரி நாளைக்கு வந்துடும். குறிப்பைத் திருத்தி எழுதிட்டேன். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன் சேச்சி. காலிப் பெட்டி வெக்கறவன் யாருன்னு."

"ஃபாரம் எழுபத்தொண்ணை இந்த ஆபீஸ்ல எவனும் வாசிக்க மாட்டான்."

"நான் வாசிப்பேன்," என்றான் பிரஜில். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்ததை அவனே கவனித்தான். அழகான வாக்கியம்.

வியாழக்கிழமை காலையில் அந்த ஒரு வரி வரவில்லை. பெர்பெத்துவா வந்தார்.

வரவில்லை, வரவழைக்கப்பட்டார். 'உங்கள் பெயரின் நீளத்தால் எழுபத்தைந்து குடும்பங்களுக்கு ஏற்பட்ட இடையூறுக்கு ஏன் விளக்கம் கேட்கக் கூடாது' என்று நோட்டீஸ் போயிருந்தது. ஐம்பது வயதுக்காரர், மீன் விற்கிறவர். மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தைக் கீழே காவலாளியிடம் விட்டுவிட்டு மூன்று மாடி ஏறி வந்தார். டைரக்டர் சச்சிதானந்தக் குறுப்பின் அறையில் பிரஜிலும் லளிதாம்பிகாவும் கோப்போடு உட்கார்ந்திருந்தார்கள்; நான்கு படங்களுக்குக் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"முப்பத்தாறு வரிசை நேரா நிக்குது," என்று ஆரம்பித்தார் டைரக்டர். குரலில் கோபமே இல்லை. கோயில் கமிட்டியில் பேசுகிறவர் போலக் கனிவு. "முப்பத்தாறு பேருக்குப் பேர் வெக்கத் தெரிஞ்சிருக்கு. அப்போ குத்தம் ஸ்டைல் ஷீட்டுலயா, முப்பத்தேழாவது பேருலயா? நான் யாரையும் குத்தம் சொல்லல. கணக்குச் சொல்றேன். எங்க குழு ஒரு சராசரிக் குடிமகனோட பேர் எவ்வளவு நீளம்னு ஆராய்ச்சி பண்ணித்தான் அந்தப் பெட்டியோட அகலத்தை வெச்சது."

"எப்படி ஆராய்ச்சி பண்ணாங்க சார்?" என்று பிரஜில் கேட்டான்.

"ஏழு பேரோட பேரையும் எழுதிச் சராசரி எடுத்தோம்." டைரக்டர் படங்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க அம்மா. இவ்வளவு பேர் எதுக்கு?"

"அது வீட்டுப் பேரு சாரே."

"வீடு எங்க?"

"கடல்ல."

"இல்லாத வீட்டுக்குப் பேர் எதுக்கு?"

கேள்வி நியாயமானதாகவே பெர்பெத்துவாவுக்குப் பட்டது போலிருந்தது. "வீட்டைத்தான் சாரே கடல் எடுத்தது. பேரை அது கேக்கல. எங்க கரையில பெர்பெத்துவா கிளமென்ட் மூணு பேர் இருக்கோம். மேற்கே புரையிடத்துல ஒருத்தி, பள்ளிக்குப் பின்னால ஒருத்தி. வீட்டுப் பேரு இல்லேன்னா தபால்காரனுக்கே நான் யாருன்னு தெரியாது."

"கஷ்டந்தான்," என்றார் டைரக்டர். "ஆனா உங்களால எழுபத்தஞ்சு குடும்பம் நிக்குது. உங்க சொந்தக்காரங்கதான். யோசிச்சுப் பாருங்க."

"அப்ப வெட்டிக்கோங்க சாரே. பேருதானே. எனக்குக் கதவு வேணும்." அவர் பிரஜிலைப் பார்த்துச் சொன்னார்; அந்த அறையில் அவன் ஒருவன்தான் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆறாம் வகுப்பு பி பிரிவுல நாலு குடும்பம் மோனே. நடுவுல சேலை கட்டியிருக்கு. நாலு வருஷமா நான் ஒரு கதவைச் சாத்தல."

டைரக்டர் மேசையிலிருந்த ரேஷன் கார்டு நகலை எடுத்தார். "வெட்டலாம். வெட்டினா கார்டுல இருக்கிற பேரும் பட்டியல்ல இருக்கிற பேரும் வேற வேற ஆள் ஆயிடும். வேற ஆளுக்கு வீடு குடுத்தா அது முறைகேடு. பேரை முறைப்படி மாத்தணும்னா நிரந்தர முகவரி வேணும். உங்க நிரந்தர முகவரி..." அவர் கையைச் சன்னல் பக்கம், கடல் இருக்கிற திசையில், பொதுவாக ஆட்டினார்.

பிரஜில் எழுந்து நின்றான்.

"சார், ஒரு வழி இருக்கு. அவங்க வரிசைக்குக் கீழ ஒரு... ஒரு காலிப் பெட்டி வெச்சா போதும். ஸ்டைல் ஷீட்டைத் தொட வேண்டாம். ரெண்டு நிமிஷ வேலை. பேர் அப்படியே இருக்கும்."

டைரக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தைத் திறந்தார்.

"நேத்து ராத்திரி உட்கார்ந்து உங்க கோப்பு முழுக்க வாசிச்சேன் பிரஜில். ஒவ்வொரு தாளும். 'காலிப் பெட்டி வைத்து ஒரு பக்கத்தை நிமிர்த்துகிறவன் தொழில் தெரிந்தவன் அல்ல, செத்தவனை முட்டுக்கொடுத்து...' ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. தொழில் தெரிஞ்சவர் கையெழுத்தோட தந்த கருத்து. காலையில சூப்பரிண்டெண்ட் அந்த வழியைக் குறிப்பா வெச்சாங்க, இதை மேற்கோள் காட்டித்தான் நிராகரிச்சேன். குறிப்புல உங்க பேர் இருக்கு."

"அது காண்டீன்ல சொன்னது சார்."

"முத்திரை இருக்கே."

பெர்பெத்துவா ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். லளிதாம்பிகா சுவரில் இருந்த நால்வரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பயப்படாதீங்க அம்மா," என்றார் டைரக்டர். "உங்க வழக்கைத் தனியா எடுத்துப் பரிசீலிக்கப் போறோம். எழுபத்தஞ்சு பேர் ஒரு பொத்தான். நீங்க ஒருத்தர், உங்களுக்கு ஒரு முழுக் கோப்பு! யாருக்குக் கிடைக்கும்?"

"எப்ப சாரே?"

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உத்தரவு தட்டச்சாகி வந்தது. முப்பத்தேழாம் வரிசையிலிருந்து பெயரை நீக்கவும். அதைப் படித்த லளிதாம்பிகா உள்ளே போனார். கூடவே பிரஜிலும் போனான்.

"சார், அவங்க திங்கட்கிழமையே சம்மதம் போட்டுட்டாங்க. பதிவாயிருக்கு," என்றார் லளிதாம்பிகா.

"நல்லது. சம்மதம் இருக்கட்டும். பேரை மட்டும் எடுங்க."

"ஆள் இல்லாம சம்மதமா?"

"அதுல என்ன? ஆள் இருந்து சம்மதம் இல்லாததுதான் நிர்வாகத்துக்குக் கஷ்டம்." அவர் பிரஜிலிடம் திரும்பினார். "இன்னொண்ணு. நூத்திப் பன்னிரண்டு குடும்பம்னு மந்திரி சட்டசபையில சொல்லியிருக்கார். நூத்திப் பதினொண்ணா ஆகக் கூடாது. முப்பத்தேழுங்கற எண் நிக்கணும். எதிரே ஒண்ணும் இருக்கக் கூடாது."

"வெறுமனே விட்டா நிக்காது சார். உள்ள ஒண்ணுமில்லாத பெட்டிக்கு உயரம் கிடையாது. அடுத்தது அந்த இடத்துக்கு ஏறி வந்து மறுபடி பக்கம் சரிஞ்சுடும்."

"நிக்க வைக்க வழி?"

அறையில் எல்லாருக்கும் அந்த வழி தெரிந்திருந்தது.

"அது காலிப் பெட்டி ஆகாது," என்றார் டைரக்டர் பெருந்தன்மையோடு. "அது காலியிடம். நம்ம துறையில எத்தனை பதவி இருக்கு, ஆள் இல்ல, ஆனா இடம் நிக்குது? அதெல்லாம் இல்லேன்னா துறையே சரிஞ்சுடாதா?" பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். இன்னும் கையெழுத்தாகாத, பிரஜிலின் ஒப்பந்த நீட்டிப்பு. பேனா மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

பிரஜில் தன் மேசைக்கு வந்தான். வெளியே மழை பிடித்திருந்தது. சன்னல் வழியே கீழே பார்த்தால் காவலாளியின் கூண்டருகே அலுமினியச் சருவமும், அதன் பக்கத்தில் குந்தியிருந்த பெர்பெத்துவாவும் தெரிந்தார்கள். தனிப் பரிசீலனை என்றால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் அவர் காலையிலேயே வந்து அங்கே இருந்தார்.

முப்பத்தேழாம் வரிசையைத் திறந்தான். பெயரை அழிக்கத் தொடங்கினான். வீடு போனது. புரையிடம் போனது. கிழக்கே போனது. தைவிளாகம் போனது. கடலோரம் போனது. கடல் இதே வரிசையில்தான் எடுத்திருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. பேனா மூடி திறந்திருந்தது ஞாபகம் வந்தது. பெர்பெத்துவாவும் கிளமென்டும் ஒன்றாகப் போனார்கள். எதிரே இருந்த கதவு எண்ணும் பொத்தானும் பின்னாலேயே போயின.

பக்கம் உடனே சரிந்தது.

அவன் ஒரு காலிப் பெட்டியை வைத்தான். உயரம் ஒரு வரி. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. முப்பத்தெட்டு இறங்கித் தன் இடத்துக்குப் போனது. முப்பத்தொன்பது அதன் கீழே போனது. நூற்றுப் பன்னிரண்டு வரை ஒவ்வொரு பொத்தானும் தன் ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டது. பக்கம் நூல் பிடித்தாற்போல நின்றது. எட்டுப் பேரும் வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் அவர்கள் பார்ப்பதைப் பார்த்தார்கள். ஒருவர், "முத்திரை நடுவில இருக்கு," என்றார்.

மூன்று மணிக்குள் எழுபத்தைந்து சம்மதங்களும் வந்துவிட்டன. மைதானத்தில் யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை.

லளிதாம்பிகா அவன் பின்னால் வந்து நின்றார். கண்டிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. திரையில் ஓர் இடத்தைச் சுட்டு விரலால் தொட்டார். பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத, செய்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற அடிப்பக்கம் அது.

"பெட்டிக்குப் பேர் வெக்கணுமே மோனே. பேரில்லாத பெட்டி தணிக்கையில நிக்காது."

"எவ்வளவு நீளம் வெக்கலாம்?"

"அதுக்கு அளவு இல்ல. அது யார் கண்ணுலயும் படாது."

பிரஜில் தட்டச்சு செய்தான்: பெர்பெத்துவா கிளமென்ட் கடலோரத் தைவிளாகம் கிழக்கே புரையிடம் வீடு. இடைவெளி விட்டால் கணினி ஏழு பேராக எண்ணிக்கொள்ளும் என்பதால், வார்த்தைகளுக்கு நடுவே ஒவ்வொரு கோடு போட்டு ஒரே பெயராக்கினான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தான். முழுவதும் அடங்கியது.

சேமித்துவிட்டு, கையெழுத்து வாங்க உள்ளே போனான்.